அட்டவணைக்கும் முடிவுரைக்கும் நடுவில்

பள்ளி மாணவர்களின் ஆய்வறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். தலைப்பு நன்றாக இருக்கும். வெயிலில் வீடு வீடாக அலைந்து திரட்டிய தரவு இருக்கும். கடைசிப் பக்கத்தில் முடிவுரையும் கம்பீரமாக இருக்கும். அட்டவணை முடியும் இடத்துக்கும் முடிவுரை தொடங்கும் இடத்துக்கும் நடுவில்தான் ஒன்றும் இருக்காது. வண்ணம் தீட்டிய இரண்டு பட்டை வரைபடங்களை ஒட்டியிருப்பார்கள். அந்த எண்களிலிருந்து இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்று நடுவர் கேட்டால், குழுத் தலைவர் வழிகாட்டி ஆசிரியரைத் திரும்பிப் பார்ப்பார்.

1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பணியைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்து வந்திருக்கிறது. கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் இல்லாத துறையே அரிது. இத்தனை பேர் தரவு திரட்டினாலும், அதை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தருவதற்கு வகுப்பில் நேரம் ஒதுக்குவதில்லை. சராசரி காணும் சூத்திரம் கணக்குப் பாடத்தில் இருக்கிறது. அதை எப்போது நம்பக் கூடாது என்பதற்குத்தான் ஒரு பாடம் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசி வரை கொண்டுபோவோம். எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. எந்த ஊரிலும் அளந்தவை அல்ல. ஒரு கடலோர ஊரில் மாணவர் குழு ஒன்று ஆழ்துளைக் கிணறுகளின் உப்புத்தன்மையை ஆராய்கிறது. கையில் டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டுவது. ஆர்.ஓ. மெக்கானிக்குகள் சட்டைப்பையில் வைத்திருக்கும் பேனா அளவுக் கருவிதான். பதினொரு வீடுகளில் எடுத்த அளவுகளை ஏறுவரிசையில் அடுக்கினால் இப்படி வருகிறது: 620, 680, 710, 740, 760, 790, 820, 850, 880, 930, 4320. எல்லாம் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

கூட்டி வகுத்துச் சராசரி போடுவதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. எண்களைச் சும்மா உட்கார்ந்து பார்ப்பது. ஏறுவரிசையில் எழுதியதுமே கடைசி எண் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பது தெரிகிறது. வீட்டு எண் வரிசையிலேயே அட்டவணையை விட்டிருந்தால் அது நடுவில் எங்கோ மறைந்திருக்கும்.

இந்த 4320-ஐ என்ன செய்வது? பெரும்பாலான குழுக்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ஒன்று, கண்டுகொள்ளாமல் சராசரியில் சேர்த்துவிடுகிறார்கள். அல்லது ‘தவறான அளவு’ என்று அடித்துவிடுகிறார்கள். விசாரிக்காமல் செய்தால் இரண்டுமே தப்பு. முதலில் லாக் புக்கைத் திறக்கவேண்டும். அந்த வீட்டில் அளந்தது யார், எத்தனை முறை அளந்தார், மீட்டரை முந்தைய தண்ணீரிலிருந்து எடுத்துக் கழுவினாரா? விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. அளவு 999-ஐத் தாண்டினால் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, திரை ஓரத்தில் சின்னதாக ×10 என்று காட்டும். அதாவது திரையில் 432 என்று தெரியும். பத்தால் பெருக்குவது நம் வேலை. அந்தக் குறியைக் கவனிக்காதவர் 432 என்றே எழுதியிருப்பார். அப்படியானால் ஊரிலேயே உப்பு மிகுந்த கிணறு, அறிக்கையில் ஊரிலேயே நல்ல கிணறாகிவிடும். ஆகவே உயரமாகத் துருத்தும் எண்ணை மட்டுமல்ல, சந்தேகப்படும்படி தாழ்வாக இருக்கும் எண்ணையும் விசாரிக்கவேண்டும்.

லாக் புக் பதில் சொல்லவில்லை என்றால் திரும்பப் போய் அளக்கவேண்டியதுதான். மறுபடியும் 4300-ஐ ஒட்டி வந்தால் அது பிழையில்லை, கண்டுபிடிப்பு. ஒத்துவராத எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கலாம் என்பதற்கு அண்டார்டிகா சாட்சி. 1985-இல் பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் ஹாலி நிலையத்தில் தரையிலிருந்து எடுத்த அளவுகளைக் கொண்டு ஓசோன் படலம் வசந்தகாலத்தில் பெரிதும் மெலிந்துபோவதை அறிவித்தார்கள். அதே இடத்துக்கு மேலே பறந்த நாசா செயற்கைக்கோளிடமும் அந்தத் தரவு இருந்தது. மிகவும் குறைந்த அளவுகளைக் கணினி நிரல் ‘ஐயத்துக்குரியவை’ என்று குறியிட்டு ஒதுக்கி வைத்திருந்தது. நாசா அவற்றை அழித்துவிட்டது என்றும் ஒரு கதை உலவுகிறது, அது மிகை. ஒதுக்கி வைத்ததால்தான் பிறகு எடுத்துப் பார்த்து உறுதிசெய்ய முடிந்தது. மாணவர் அறிக்கையிலும் அதுவே முறை. சந்தேகமான எண்ணை அழிக்காமல், தனியே காட்டி, ஏன் தனியே காட்டுகிறோம் என்று ஒரு வரி எழுதவேண்டும்.

இப்போது சராசரிக்கு வருவோம். பதினொரு எண்களின் கூட்டுத்தொகை 12,100. சராசரி 1100. ‘எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பளவு 1100’ என்று அறிக்கை சொல்லும். ஆனால் பதினொன்றில் பத்துக் கிணறுகள் ஆயிரத்துக்கும் கீழே இருக்கின்றன. பத்து வீட்டுக்காரர்களில் ஒருவர் வீட்டிலும் இல்லாத தண்ணீர் அது. வரிசையின் நடுவில் நிற்கும் ஆறாவது எண்ணான இடைநிலை அளவை எடுத்தால் 790. அந்த ஒற்றைக் கிணறு 4320-க்குப் பதில் 40,000 காட்டினாலும் இடைநிலை அளவு அசையாது. சம்பளம், நில அளவு, மருத்துவச் செலவு என்று ஒன்றிரண்டு பேரிடம் மிக அதிகமாக இருக்கக்கூடிய எதை அளந்தாலும் இடைநிலை அளவையும் சேர்த்துக் கொடுங்கள். சராசரிக்கும் அதற்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், ஏன் என்ற கேள்விக்கு உங்கள் விளக்கம் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

வேறு அறிக்கைகளில் சிலர் சராசரியை 763.64 என்பதுபோல் இரண்டு தசமத்தோடு எழுதுவார்கள். நூற்றுக்கு இரண்டு வரை முன்பின்னாகக் காட்டும் மீட்டரில் அந்த .64-க்குப் பொருளே இல்லை. கால்குலேட்டர் கொடுத்தது என்பதற்காக எழுதவேண்டியதில்லை.

அடுத்தது ஒப்பீடு. எந்த ஆய்வும் இங்கேதான் தடுமாறும். 4320 காட்டிய கிணற்றை இப்போதைக்குத் தனியே வைத்துவிட்டு மற்ற பத்தை இரண்டு தெருவாகப் பிரிப்போம். கடலோரத் தெருவில் 680, 760, 820, 850, 930. சராசரி 808. மேலத் தெருவில் 620, 710, 740, 790, 880. சராசரி 748. அறுபது வித்தியாசம். ‘கடலுக்கு அருகில் உள்ள கிணறுகள் உப்பானவை என்று நிரூபணமாகிறது’ என்று எழுதிவிடலாமா?

எழுதுவதற்கு வரைபடமும் துணைக்கு வரும். எக்செல் தானாகப் போட்டுக்கொடுக்கும் வரைபடங்களில் நெட்டச்சு சில சமயம் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. 720-இல் தொடங்கினால் ஒரு பட்டை 28 அளவு உயரமும் மற்றது 88 அளவு உயரமும் நிற்கும். மூன்று மடங்கு வித்தியாசம்போல் கண்ணுக்குத் தெரியும். பூஜ்யத்தில் தொடங்கினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பட்டை வரைபடத்தில் நீளம்தான் செய்தி. அடியை வெட்டினால் செய்தி பொய்யாகிவிடும். என்னைக் கேட்டால், இவ்வளவு சின்ன ஆய்வில் பட்டையே வேண்டாம். இரண்டு தெருவுக்கும் இரண்டு செங்குத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு தெருவின் புள்ளிகள் 680 முதல் 930 வரை, இன்னொன்றின் புள்ளிகள் 620 முதல் 880 வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துகிடப்பது அப்போதே தெரிந்துவிடும். ஒரே தெருவுக்குள் வீட்டுக்கு வீடு 250 வித்தியாசம் இருக்கும்போது தெருவுக்குத் தெரு 60 என்பது பெரிய சங்கதியா?

பெரிதா சிறிதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது. கல்லூரி மாணவர்கள் இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை போடுவார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சூத்திரம் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. பத்து எண்களையும் பத்துத் துண்டுச்சீட்டில் எழுதுங்கள். குலுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்தைந்தாகப் பிரித்து, இரண்டு பங்குகளின் சராசரி வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி குலுக்குங்கள். வகுப்பில் எல்லோரும் ஆளுக்கு நாலைந்து முறை செய்தால் நூறைத் தாண்டிவிடும். தெருவுக்கும் உப்புக்கும் சம்பந்தமே இல்லாமல், வெறும் குலுக்கலிலேயே 60 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். நம் எண்களில் அது சுமாராக மூன்றில் ஒரு பங்கு முறை வரும். குருட்டுக் குலுக்கலே மூன்று முறைக்கு ஒரு முறை தரக்கூடிய வித்தியாசத்தைக் கடலின் வேலை என்று சொல்ல முடியாது. நூறில் ஒரு முறை, இரண்டு முறை மட்டுமே வருகிறது என்றால் பேச்சு வேறு.

இதிலிருந்து கடலுக்கும் கிணற்றுக்கும் தொடர்பே இல்லை என்று மறுபக்கம் பாய்ந்துவிடவும் கூடாது. பத்துக் கிணறுகளைக் கொண்டு தொடர்பு இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். ஐம்பது கிணறுகளைப் பார்த்தால் தெளிவாகலாம்.

வித்தியாசம் உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் காரணம் எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் இது பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டுவரும் சிக்கல். அதனால் நம் குழுவின் ஊகம் நியாயமானது. ஆனால் ஊகம் நியாயமாக இருப்பது வேறு, தரவு அதைக் காட்டுவது வேறு. கடலோரத் தெருவில் ஆழ்துளைக் கிணறுகள் ஆழமாகப் போடப்பட்டிருந்தால் உப்புக்குக் காரணம் தூரமா, ஆழமா? ஒரு தெருவை மே மாதத்திலும் மற்றதை வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியிலும் அளந்திருந்தால் ஒப்பீடே செல்லாது. ஒரு வீட்டில் மோட்டார் போட்டதும் வந்த தண்ணீர், இன்னொரு வீட்டில் மாடித் தொட்டியில் தங்கிய தண்ணீர் என்றால்? அந்த 4320 கிணற்றுக்குப் பக்கத்தில் இறால் பண்ணை இருந்தால் அதுவும் ஒரு தடயம். ஒரே ஒரு கிணற்றை வைத்துப் பண்ணைமேல் பழிபோட முடியாது. பண்ணையைச் சுற்றி இன்னும் சில கிணறுகளை அளக்கலாமே என்ற அடுத்த ஆய்வுக்கான கேள்வி கிடைக்கிறது. லாக் புக்கில் ஆழம், தேதி, நேரம், தண்ணீர் எடுத்த இடம் ஆகியவற்றைக் குறித்திருந்தால்தான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடவே முடியும்.

கிணற்றுத் தண்ணீரிலிருந்து காரணத்தைக் கண்டறிவதில் எல்லோருக்கும் முன்னோடி ஜான் ஸ்நோ என்ற லண்டன் மருத்துவர். 1854 ஆகஸ்ட் இறுதியில் சோஹோ பகுதியின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்து நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்கள் வீட்டை அவர் வரைபடத்தில் குறித்ததையும், அவை ஓர் அடிபம்பைச் சூழ்ந்திருந்ததையும் எல்லாப் புத்தகங்களும் சொல்லும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, தன் கருத்துக்கு ஒத்துவராத இடங்களை அவர் தேடிப்போய் விசாரித்ததுதான். பம்புக்கு அருகிலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தார்கள்; ஐந்து பேர்தான் காலராவில் இறந்தார்கள். பம்புதான் காரணமென்றால் இது எப்படி? விசாரித்தபோது விடுதிக்குச் சொந்தக் கிணறு இருப்பது தெரிந்தது. பிராட் தெருவிலேயே இருந்த பீர் ஆலையின் தொழிலாளர்கள் தப்பியிருந்தார்கள். அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிப்பதில்லை. ஆலையில் தனிக் கிணறும், குடிக்கப் பீரும் இருந்தன. எட்டியிருந்த ஹாம்ஸ்டெட்டில் ஒரு பெண்மணி மட்டும் இறந்திருந்தார். பிராட் தெருத் தண்ணீரின் சுவைக்காகத் தினமும் வண்டியில் தருவித்துக் குடித்தவர் அவர். கருத்தைக் கவிழ்த்துவிடும்போல் தோன்றிய விதிவிலக்குகளே கடைசியில் அதற்கு மிகப் பலமான ஆதாரங்களாயின.

செப்டம்பர் 8-இல் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதனால் காலரா நின்றது என்று கதை முடிவது வழக்கம். ஸ்நோ அப்படி உரிமை கொண்டாடவில்லை. மக்கள் பலர் ஊரைவிட்டு ஓடியதாலும் வேறு காரணங்களாலும் நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது, கைப்பிடியால்தான் நின்றது என்று தீர்மானிக்க இயலாது என்று அவரே எழுதிவைத்தார். தரவு எதுவரை பேசுகிறதோ அதுவரை மட்டும் பேசுவதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

அளப்பவர்களால் வரும் வேறுபாட்டையும் சோதித்துப் பார்க்கலாம். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலநோபிஸ், வங்காளத்தில் சணல் பயிரை மதிப்பிட்டபோது ஒரே பகுதியைத் தனித்தனிக் குழுக்கள் ஒன்றையொன்று சாராமல் கணக்கெடுக்கும்படி ஏற்பாடு செய்தார். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் நம்பலாம். போகாவிட்டால் பயிரில் அல்ல, கணக்கெடுத்த விதத்தில் கோளாறு. மாணவர்களுக்கு இது மிக எளிது. குழுவில் இரண்டு பேர், முடிந்தால் இரண்டு மீட்டர்களோடு, ஒருவர் அளவை மற்றவர் பாராமல் அதே கிணறுகளை அளக்கட்டும்.

வீடுவீடாகக் கேள்வித்தாள் கொண்டுபோகும் ஆய்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘86.67 சதவீதம் மக்கள் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள்’ என்று படித்தால் மலைப்பாக இருக்கும். விசாரித்தால் 15 வீடுகளில் 13. அப்படியே ‘15-இல் 13’ என்று எழுதுவதுதான் நேர்மை. ஒரு வீடு பதிலை மாற்றினால் ஏறக்குறைய ஏழு சதவீதம் மாறிவிடும். பூட்டியிருந்த வீடுகளையும் எண்ணி எழுதுங்கள். பகலில் பூட்டிக்கிடப்பது கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீடு என்றால், விட்டுப்போனது ஒரு வகை மக்களின் பதில் முழுவதும். ஒருவர் பல விடைகளைச் சொல்லக்கூடிய கேள்விக்கு வட்ட விளக்கப்படம் போடாதீர்கள். கூட்டினால் நூறைத் தாண்டும்.

கடைசியாக, அறிக்கைகளில் அதிகம் சறுக்கும் இடம். ‘உப்பு அதிகம், ஆகவே சிறுநீரகக் கல் வரும்’ என்று முடிவுரையில் எழுதுவார்கள். டிடிஎஸ் மீட்டர் உப்பைக்கூட நேராக எடைபோடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. கரைந்திருப்பது என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா என்றும் தெரியாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் டிடிஎஸ் அளவு 500 வரை விரும்பத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை ஏற்கலாம் என்றும் சொல்கிறது. ஆயிரத்தைத் தாண்டினால் சுவை கெடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். டிடிஎஸ்ஸுக்கென்று உடல்நல அடிப்படையில் வரம்பு எதையும் அது வகுக்கவில்லை. மறுபுறம், ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினாலே குடிக்கத் தகாது. அந்த ஒன்றரை மில்லிகிராம் டிடிஎஸ் மீட்டரில் தெரியவே தெரியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லையும் எலும்பையும் பாதித்தது அதுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். ஆக, மீட்டரில் குறைவாகக் காட்டும் தண்ணீரை நல்ல தண்ணீர் என்றும் எழுத முடியாது. சிறுநீரகக் கல்லைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் அதற்கு வேறு தரவு வேண்டும்.

அப்படியானால் நம் குழு என்ன எழுதலாம்? இப்படி எழுதலாம்: ‘மே மாதத்தில் நாங்கள் அளந்த 11 ஆழ்துளைக் கிணறுகளில் பத்தின் டிடிஎஸ் 620-க்கும் 930-க்கும் இடையில் இருந்தது. பதினொன்றின் இடைநிலை அளவு 790. ஒரு கிணறு 4320 காட்டியது. மறுமுறை அளந்தும் அதே அளவு வந்தது. தெருக்களுக்கு இடையே கண்ட வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவே. கிணறுகளின் ஆழத்தை நாங்கள் கேட்டறியவில்லை. டிடிஎஸ் தவிர வேறெதையும் சோதிக்கவில்லை.’ மேடையில் கைதட்டல் வாங்கும் முடிவுரை இல்லைதான். ஆனால் நடுவர் எந்த வாக்கியத்தைக் காட்டி ‘எப்படி?’ என்று கேட்டாலும் பதில் சொல்லிவிடலாம். ‘எங்கள் கருதுகோள் சரியெனத் தெரியவில்லை’ என்று எழுதியதற்காக மதிப்பெண் குறைக்கும் நடுவர் இருந்தால், பிழை அவருடையது.

வழிகாட்டி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிவுரையைப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்காதீர்கள். துண்டுச்சீட்டைக் குலுக்க ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். அறிக்கை முடிந்ததும் தண்ணீர் கொடுத்த அத்தனை வீட்டுக்கும் அவரவர் கிணற்று அளவை ஒரு தாளில் எழுதி, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். 4320 காட்டிய வீட்டுக்கு முதலில் போகட்டும். முழுச் சோதனை வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் அந்தத் தாளில் இருக்கட்டும்.